முட்டைதான் மீன்

வண்ண மீன் வியாபாரத்தில் ஹவுராவின் தாஸ்நகருக்கும், ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில் வடக்குக் கொல்கத்தாவில் இருக்கும் காலிஃப் தெருவுக்கும் இந்தியா முழுக்கப் பெயர் உண்டு. காலிஃப் தெருவில் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. ஹவுரா, ஹூக்ளி, 24 பர்கானா மாவட்டங்களின் கிராமங்களில் கொல்லைப்புறத்துச் சிமெண்ட் தொட்டிகளில் வளர்ந்த கப்பியும் மோலியும் வாள்வாலும் ஏஞ்சலும் கௌராமியும் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் வந்து இறங்கும். நம் சென்னைக் கொளத்தூருக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்த இரைச்சலும் பேரமும் புதிதாக இருக்காது, மொழிதான் வேறு.

இந்தச் சந்தைகளில் எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்பார்கள். ஆனால் நோதோபிராங்கியஸ் வகை மீனைத் தேடிப் போனவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். ஆப்பிரிக்காவின் மழைக் குட்டைகளில் வாழும் ஓராண்டு கில்லி மீன் அது; குட்டை வற்றினால் மீன் செத்துப்போகும், மண்ணில் விட்ட முட்டை அடுத்த மழைவரை உறங்கிக் காத்திருக்கும். விரல் நீளம்தான் இருக்கும். நன்னீர் மீன்களில் இவ்வளவு நிறம் காட்டுவது அபூர்வம். அதைக் கடையில் வைக்காததற்கு வியாபாரி சொல்லும் காரணம் எளிமையானது. குஞ்சு நிறம் கட்டி ஆண், பெண் தெரிய ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குப் பிறகு வீட்டுத் தொட்டியில் அது இருக்கப்போவது சில மாதங்கள். வளர்ப்பவர் கையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து கடைக்கும், கடையிலிருந்து வாங்குபவர் வீட்டுக்கும் போய்ச் சேர்வதற்குள் மீனுக்கு நடுத்தர வயது வந்துவிடும். அடுத்த மாதம் வாடிக்கையாளர் செத்த மீனோடு வந்து நிற்பார். கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதே மீனின் முட்டை வேறு கணக்கில் வாழ்கிறது. ஈரப்பதமுள்ள ஒரு பிடி தேங்காய் நார்த்தூளில் அதைப் பொதிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, அலமாரியில் வைத்துவிட்டு மூன்று மாதமோ ஆறு மாதமோ மறந்துவிடலாம். சில இனங்களில் அதற்கு மேலும் தாங்கும். தபால் உறையில் போட்டுக் கண்டம் தாண்டி அனுப்புகிறார்கள். மீன் உயிரோடு நீந்தும் காலத்தைவிட முட்டை காத்திருக்கும் காலம் நீண்டது. ஆகவே இதை வளர்க்கிறேன் என்று சொல்பவரின் கவனம் முக்கால்வாசி முட்டையின் மேல்தான் இருக்கும். ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் இடையில் வந்து போகும் வண்ணமயமான பருவம்தான் மீன். இந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டால்தான் இதன் வளர்ப்பு பிடிபடும்.

ஹவுராவுக்கென்று சொந்தமாக ஒரு கில்லி மீன் உண்டு. அதைச் சொல்லாமல் ஆப்பிரிக்காவுக்குப் போவது மரியாதையல்ல. சாக்கடை ஓரத்திலும், ஆகாயத்தாமரை மிதக்கும் குளத்திலும், வயல் வாய்க்காலிலும் நீர்ப்பரப்பை ஒட்டி அசையாமல் நிற்கும் சிறிய மீன் அது. மேலிருந்து பார்த்தால் தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். அதன் அறிவியல் பெயர் அப்லோகைலஸ் பஞ்சாக்ஸ். வைத்தவர் ஃபிரான்சிஸ் புக்கானன்; பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். தமிழ் வாசகர்களுக்கு இவர் வேறு வகையில் அறிமுகமானவர். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கொங்கு, மலபார் என்று ஊர் ஊராகச் சுற்றி, வயலில் என்ன விளைகிறது, தறியில் என்ன நெய்கிறார்கள் என்று எழுதி வைத்த அதே கம்பெனி மருத்துவர்தான். வங்காளத்தில் இருந்த காலம் முழுக்க மீன்களைச் சேகரித்து, உள்ளூர் ஓவியரை வைத்து வரைய வைத்தார். 1814இல் ராக்ஸ்பர்க்குக்குப் பிறகு தாவரவியல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தார். இன்று ஜகதீஷ் சந்திர போஸ் பெயர் தாங்கி ஹவுராவின் சிப்பூரில், பெரிய ஆலமரத்தோடு இருக்கிறதே, அந்தத் தோட்டம்தான். மறு ஆண்டு ஊர் திரும்பும்போது அவருடைய ஓவியங்களைக் கவர்னர் ஜெனரல் கல்கத்தாவிலேயே பிடித்து வைத்துக்கொண்டார். குறிப்புகளோடு போய், 1822இல் எடின்பரோவில் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். பஞ்சாக்ஸ் அதில் இருக்கிறது. கோசி ஆற்றில் கிடைத்த வரிக்கோடு போட்ட ஒரு சின்ன மீனும் அதில் இருக்கிறது. இன்று உலகத்தின் ஆய்வகங்களில் லட்சக்கணக்கில் வளரும் ஜீப்ரா மீன் அதுதான். அந்தப் பெயரை இந்த அத்தியாயத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டிவரும்.

பஞ்சாக்ஸுக்கு அரசாங்க மதிப்பு கிடைத்த காலமும் ஒன்று இருந்தது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பது நிலைபெற்ற பின், கொசுப்புழு தின்னும் உள்நாட்டு மீன்கள் எவை என்று ஒரு சிறு நூலை சூவல், சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் எழுதி, கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1912இல் வெளியிட்டது. நீர்ப்பரப்பிலேயே மேயும் பஞ்சாக்ஸ் இனத்தைவிட அந்த வேலைக்குப் பொருத்தமான மீன் கிடையாது. பிறகு 1928இல் அமெரிக்க கம்பூசியாவை இங்கே கொண்டுவந்தார்கள். கப்பியும் வந்தது. கையில் இருந்ததை விட்டுவிட்டு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட அந்த முடிவு தேவையில்லாதது என்பதே என் கருத்து. இன்று கொல்கத்தாச் சாக்கடைகளில் கப்பிதான் முதலில் கண்ணில் படுகிறது.

பஞ்சாக்ஸ் ஓராண்டு மீன் அல்ல. நீர்த்தாவரங்களின் வேரில் முட்டையை ஒட்டவைக்கும். இரண்டு வாரத்துக்குள் பொரித்துவிடும். வளர்ந்த மீன் சில ஆண்டுகள் வாழும். நம் ஊர்க் கடைகளில் ‘கோல்டன் வொண்டர்’ என்று விற்கும் மஞ்சள் மீன் இதன் அண்ணன் முறை, தென்னிந்தியாவின் அப்லோகைலஸ் லினியேட்டஸ். அதுவும் அப்படித்தான். இந்தியாவில் இருக்கும் எந்தக் கில்லி மீனும் வறண்ட மண்ணில் முட்டையை உறங்க வைப்பதில்லை.

ஏன் இல்லை? கோடையில் வற்றும் கண்மாய்க்கும் குட்டைக்கும் நம் நாட்டில் பஞ்சமா? கில்லி மீன்களின் வம்சாவளியைப் பார்த்தால், நம்முடைய அப்லோகைலஸுக்கு நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரிலும் சீஷெல்ஸ் தீவுகளிலும் இருக்கிறது. ஒட்டியிருந்த நிலம் பிரிந்து விலகிய கதையை இந்த மீன்கள் சொல்கின்றன என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆப்பிரிக்கக் கிளையிலும் தென் அமெரிக்கக் கிளையிலும் கரு உறக்கம் பலமுறை, தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஆசியக் கிளையில் தோன்றவில்லை. நம் குளத்து மீன்கள் வறட்சிக்கு வேறு வழி கண்டுபிடித்தன. காற்றைச் சுவாசிக்கும் விரால் சேற்றுக்குள் அடங்கிக் கிடக்கும். பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டேனிய அலுவலர் டால்டார்ஃப், அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத் தாமே பார்த்ததாக எழுதி, 1797இல் அது லண்டனில் அச்சாகி, ஐரோப்பியர் நூறு ஆண்டுக்கு மேல் அதை வைத்துச் சண்டை போட்டார்கள். முட்டையை மண்ணில் விட்டுவிட்டுத் தான் செத்துப்போகும் வழி நம் குட்டைகளிலும் இருக்கிறது, ஆனால் மீனிடம் இல்லை. ஸ்ட்ரெப்டோகெபாலஸ் போன்ற கண்ணாடி உடம்புக் குட்டை இறால்களிடம் இருக்கிறது.

மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. நோதோபிராங்கியஸ் வாழும் குட்டைகளின் அடியில் ஒரு குறிப்பிட்ட களிமண் இருக்கிறது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிய மண். கோவில்பட்டிப் பக்கத்தில் பிறந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நம் கரிசல் அந்த வகையைச் சேர்ந்ததுதான். மழை விழுந்ததும் அந்த மண் உப்பி அடியை அடைத்துக்கொள்ளும், நீர் இறங்காது. நீர் வற்றினாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் தங்கும். மற்றக் குட்டைகளில் இலைமக்கும் அமிலமும் சேர்ந்து முட்டையைக் கெடுக்க, இந்தக் காரக் களிமண்ணில் அது பிழைக்கிறது. ஹவுராவின் மண் கங்கையின் வண்டல். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் குளங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுக்க நீர் தாங்குபவை. ஓராண்டு மீனுக்கு அந்த ஊரில் இயற்கையாக எந்த வேலையும் இல்லை. வேலை இருந்தால் அது தொட்டிக்குள்தான்.

இனி அந்த முட்டைக்குள் போவோம். சாதாரண மீன் முட்டையில் கரு வளர்வது நிற்காத ஓட்டம். செல் பிரிந்து, மஞ்சள் கருவைப் போர்த்தி, அப்படியே ஒரு பக்கம் குவிந்து முதுகுத்தண்டுக்கு அடிபோடும். ஓராண்டு மீனில் நடுவில் ஒரு விசித்திரம் நடக்கிறது. போர்த்திய செல்கள் குவியாமல் கலைந்து, முட்டையின் உட்பரப்பு முழுக்கத் தனித்தனியாகத் திரிகின்றன. மீன் என்று சொல்ல எதுவும் இல்லை. திரியும் செல்கள் மட்டுமே. சில நாள் கழித்துத்தான் மறுபடி ஒன்றுகூடிக் கருவைக் கட்டத் தொடங்கும். இதை ஜான் வூர்ம்ஸ் 1972இல் படிப்படியாக விவரித்தார். செல்கள் கலைந்திருக்கும் இந்த நிலையிலேயே கரு நின்றுவிடலாம். அது முதல் உறக்கம். தலையும் கண்குழியும் குழாய் போன்ற இதயமும் உருவான பிறகு இரண்டாவது முறை நிற்கலாம். இது நீளமான உறக்கம். குஞ்சு முழுதாக வளர்ந்து, கண் மினுங்க, ஓட்டை உடைக்கத் தயாராக இருக்கும்போது மூன்றாவது முறை நிற்கலாம். அப்போது அது எதிர்பார்ப்பது தண்ணீரை மட்டும்தான்.

இரண்டாவது உறக்கத்தில் கருவின் உடல் இயக்கம் பெரும் பங்கு அடங்கிவிடுகிறது. வெனிசுவேலாவின் ஆஸ்ட்ரோஃபண்டுலஸ் என்ற ஓராண்டு மீனின் கருவை, துளி ஆக்சிஜன் இல்லாத நீரில் வைத்து ஆராய்ந்தது ஜேசன் பொட்ராப்ஸ்கியின் குழு. இரண்டு மாதம் கழித்தும் பாதிக் கருக்கள் உயிரோடு இருந்தன. முதுகெலும்புள்ள எந்த உயிருக்கும் இதற்கு நிகரான தாங்கும் சக்தி இருப்பதாகப் பதிவில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஆன் பிரூனேயின் ஆய்வகம் 2020இல் இன்னொரு கேள்வியை எடுத்தது. மாதக்கணக்கில் உறங்கிய கருவிலிருந்து வரும் மீனுக்கு ஆயுள் குறையுமா? குறையவில்லை. உறங்கிய காலம் அதன் வயதில் சேரவே இல்லை.

எல்லா முட்டையும் ஒரே மாதிரி உறங்குவதில்லை என்பதுதான் வளர்ப்பவரைத் திணறடிக்கும் விஷயம். ஒரே தாய், ஒரே நாள், ஒரே பை. சில முட்டைகள் இரண்டாவது உறக்கத்தைத் தாண்டி ஓடிவிடும், சில அதிலேயே நின்றுவிடும். குட்டையில் இதற்கு அர்த்தம் இருக்கிறது. முதல் மழையில் எல்லாமே பொரித்து, அடுத்த மழை பொய்த்தால் அந்தக் குட்டையில் வம்சமே இருக்காது. ஆகவே பாதி பொரிக்கும், பாதி அடுத்த மழைக்குக் கிடக்கும். எது எந்தப் பக்கம் போகும் என்பதில் வெப்பத்துக்கும் தாயின் வயதுக்கும் பங்கு இருக்கிறது. ஆஸ்ட்ரோஃபண்டுலஸில் 30 பாகை செல்சியஸில் வைத்த முட்டைகள் உறக்கத்தைத் தாண்டின; 20 பாகையில் வைத்தவை உறங்கின. இளம் தாயின் முட்டைகளில் தாண்டுபவை அதிகம்.

மனிதரைவிட அதிகமாக இந்த முட்டையைப் பயணம் கொண்டுபோனது பறவையாக இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. பிரேசிலில் அதைச் சோதித்தார்கள். கோஸ்கொரோபா அன்னங்களுக்குத் தீனியோடு 650 முட்டைகள் கொடுத்து எச்சத்தைத் தேடியதில் முழுசாக வந்தவை ஐந்து. அவற்றில் ஒன்று பின்னர் பொரித்தது. 650க்கு ஒன்று மோசமான கணக்குதான், ஆனால் புதுக் குட்டையில் குடியேற ஆயிரம் ஆண்டு அவகாசம் இருக்கும்போது அது போதும்.

வியாபாரிகளும் இந்த முட்டையைப் பார்த்து மயங்கியிருக்கிறார்கள். ஹூலா ஹூப்பையும் பறக்கும் தட்டையும் விற்ற அமெரிக்க பொம்மைக் கம்பெனியான வாம்-ஓ, 1960களின் தொடக்கத்தில், தண்ணீர் ஊற்றினால் மீன் வரும் பொட்டலம் ஒன்றை அறிவித்தது. ஆர்டர்கள் குவிந்தன. அவ்வளவு முட்டை போட மீன்களால் முடியவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

ஓராண்டு மீன்களில் இப்போது பேர்பெற்றது நோதோபிராங்கியஸ் ஃபர்ஸெரி. ஜிம்பாப்வேயின் தென்கிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோனரேஜோ காட்டில், 1960களின் இறுதியில் ரிச்சர்ட் ஃபர்ஸர் என்ற மீன் பிரியர் பிடித்தது. அதை ஜப் என்ற மீனியல் ஆய்வாளர் 1971இல் புது இனமாக விவரித்து எழுதினார். அந்தக் கட்டுரை வந்த இதழ் எது தெரியுமா? பல்கலைக்கழக ஏடு அல்ல. வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் நடத்தும் அமெரிக்கக் கில்லி மீன் சங்கத்தின் இதழ். பிறகு அந்தப் பகுதியில் போர் வந்தது. எல்லையில் கண்ணிவெடி. குட்டைக்குத் திரும்பிப் போக முடியாத அந்த ஆண்டுகள் முழுக்க, ஃபர்ஸெரியின் ஒரு வம்சம் பொழுதுபோக்காளர்களின் தொட்டிகளிலும் ஈர மண் பைகளிலும், தலைமுறைக்குத் தலைமுறை கைமாறிக்கொண்டே இருந்தது. இடத்தின் பெயரைச் சுருக்கி அதற்கு ‘ஜிஆர்இசட்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

2003இல் ஸ்டெஃபானோ வால்தேசாலிசி, அலெசாந்த்ரோ செலெரினோ என்ற இரு இத்தாலியர்கள் அந்த வம்சத்தின் ஆயுளைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். சுமார் மூன்று மாதம். தொட்டியில் வளர்க்கக்கூடிய முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு குறைந்த ஆயுள் வேறெதற்கும் பதிவாகவில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் மீன் வளர்ந்து, நிறம் கட்டி, இனம் பெருக்கி, முதுகு வளைந்து, நிறம் மங்கி, கிழமாகியும் விடுகிறது. முதுமையை ஆராய்பவர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஹாமில்டனின் ஜீப்ரா மீன் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுக்கு மேலும் வாழும். ஒரு பரிசோதனைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவரின் காலம் முழுக்கத் தேவைப்படும். ஃபர்ஸெரியின் மரபணுத் தொகுதியை 2015 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்ட் குழுவும் ஜெர்மனியின் ஜேனா நகரக் குழுவும் ஒரே சமயத்தில் வெளியிட்டன. 2018இல் செக் நாட்டின் மார்ட்டின் ரைஷார்டு குழு மொசாம்பிக் குட்டைகளில் பார்த்ததில், பொரித்த 14 நாளில் இனம் பெருக்கத் தயாரான மீன்கள் கிடைத்தன.

இந்தக் கதையில் என்னை நிறுத்தியது அந்தச் சீட்டு. 2004இல் மொசாம்பிக்கில் புதிதாகப் பிடித்த வம்சங்களுக்கு நாடு, ஆண்டு, இடத்தின் எண் என்று சேர்த்து ‘எம்இசட்எம்-0403’, ‘எம்இசட்எம்-0410’ என்று பெயர். அவை ஜிஆர்இசட்டைவிட அதிகக் காலம் வாழ்ந்தன. ஒரே இனம், வேறு குட்டை, வேறு ஆயுள். யாரோ ஒருவர் 1970களில் அழகுக்காக இரண்டு இடத்து மீன்களைக் கலந்துவிட்டு, சீட்டையும் கிழித்துப் போட்டிருந்தால், 2003இல் அளக்க எதுவும் இருந்திருக்காது. அரிய மீனை வளர்ப்பதில் திறமை இரண்டாவது, எழுதி வைக்கும் ஒழுங்கு முதலாவது என்று நான் சொல்வது இதனால்தான். நோதோபிராங்கியஸில் 90க்கு மேல் இனங்கள் உண்டு. பலவற்றுக்கு உலகத்தில் இருப்பதே சாலையோரத்து நாலைந்து குட்டைகள். சாலையை அகலப்படுத்தினால், வயலாக மாற்றினால், பூச்சிமருந்து வழிந்தால் ஓர் இனத்தின் பெரும்பகுதி போய்விடும். அப்போது மிஞ்சுவது யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கும் பைதான். சீட்டு இல்லாத பைக்கு அந்த இடத்தில் மதிப்பு கிடையாது.

ஹவுரா போன்ற ஊரில் இதைச் செய்வது எப்படி? இடம் ஒரு பிரச்சினையே அல்ல. ஓர் ஆண், இரண்டு மூன்று பெண்களுக்கு இருபது லிட்டர் தொட்டி தாராளம். ஆண்கள் சண்டைக்காரர்கள்; இரண்டு ஆண்களை அடைத்தால் ஒன்றின் வால் கிழியும். குளோரின் போக ஒரு நாள் வைத்த குழாய்த் தண்ணீர் போதும். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயோடின் சேராத கல் உப்பு போட்டு வைப்பது நல்லது. நோதோபிராங்கியஸுக்குத் தங்கத் தூள் தூவியதுபோல் படியும் ‘வெல்வெட்’ நோய் சீக்கிரம் வரும், உப்பு அதைத் தடுக்கும். கஷ்டம் வெயிலில்தான். மே மாதத்து மாடி அறையில் தண்ணீர் 32, 33 பாகைக்கு ஏறினால் மீனின் குறுகிய ஆயுள் இன்னும் குறுகும். 24 முதல் 26 பாகையில் வைக்கத் தரைத்தள அறையும், தொட்டியின் மேல் ஓடும் சிறு மின்விசிறியும் உதவும். ஜனவரியில் நிலைமை தலைகீழ், வெப்பக் குச்சி தேவைப்படும்.

தீனியில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று மாதத்தில் வாழ்ந்து முடிக்கும் மீன் நாளெல்லாம் தின்னும். உலர்ந்த தீனியைப் பல மீன்கள் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கொல்கத்தாச் சாக்கடைகளிலிருந்து அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு மலிவானது, எங்கும் கிடைப்பது, ஆபத்தானதும்கூட. பல நாள் ஓடும் நீரில் அலசாமல் கொடுத்தால் நோயும் சேர்ந்து வரும். சொந்தமாக வாளியில் வளர்த்த கொசுப்புழுவும் தண்ணீர்ப்பூச்சியும் அதைவிட மேல். கொசுப்புழு வாளியைத் தினமும் வடிகட்டாவிட்டால் டெங்குவை நாமே வளர்த்தவராவோம்.

முட்டையிட, மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நார்த்தூளை நிரப்பித் தொட்டிக்குள் வைக்க வேண்டும். மேல்நாட்டார் முன்பு சதுப்பு நிலத்து மக்கான பீட் பாசியைப் பயன்படுத்தினார்கள். சதுப்பு நிலத்தை வெட்டுவது கூடாது என்ற பேச்சு வந்த பிறகு அவர்களில் பலர் தென்னை நார்க்கழிவுக்கு மாறினார்கள். பொள்ளாச்சியில் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்யும் அதே பொருள்தான். சாயம் போகும்வரை கொதிக்கவைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். ஆண் தன் முதுகுத் துடுப்பைப் பெண்ணின் மேல் போர்த்தி நார்த்தூளுக்குள் அழுத்தும்; உடல் ஒரு முறை நடுங்கும்; ஒரு முட்டை விழும். இது நாளெல்லாம் தொடரும். நன்றாகத் தின்ற பெண் ஒரு நாளில் இருபது முப்பது முட்டை போடும்.

வாரம் ஒரு முறை டப்பாவை எடுத்து, நார்த்தூளை வலையில் வடித்து, கையால் பிழிந்து, பழைய செய்தித்தாளில் பரப்பிச் சில மணி நேரம் விட வேண்டும். எவ்வளவு ஈரம் என்பதுதான் இந்தக் கலையின் முழு ரகசியம். பிடித்து அழுத்தினால் நீர் சொட்டக் கூடாது, கையில் ஈரம் தெரிய வேண்டும். அதிக ஈரத்தில் முட்டையில் பூஞ்சை படரும். அதிகம் காய்ந்தால் முட்டை சுருங்கிப் பள்ளம் விழும். புத்தகத்தில் படித்து இது வராது, விரலுக்குத்தான் பழக வேண்டும். ஹவுராவின் ஆடி, ஆவணி மாதக் காற்றில் பரப்பி வைத்த நார்த்தூள் மாலைவரை காயாது; மார்ச் மாதத்தில் அரைமணியில் அளவு தாண்டிவிடும்.

பிறகு பையில் போட்டு, இனம், இடக் குறியீடு, எடுத்த தேதி எழுதி, இருட்டில் வைக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் போதும். சும்மா கிடக்கும் முட்டை தெளிந்த கண்ணாடி மணியாகத் தெரியும். குஞ்சு தயாரானதும் முட்டைக்குள் இரண்டு பெரிய கண்கள், அவற்றைச் சுற்றித் தங்க வளையம். சான்சிபார் தீவின் குந்தெரி மீனுக்கு இதற்கு மூன்று மாதம் அளவு ஆகும். மொசாம்பிக்கின் ரக்கோவிக்கு அதைப்போல் இரண்டு மடங்குகூட ஆகலாம். ஏப்ரல், மே வெயிலில் அலமாரியில் கிடந்த பை இந்தக் கணக்கையெல்லாம் முந்திக்கொள்ளும் என்பதால், கோடைக் காலத்துப் பையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான முட்டைகளில் கண் தெரிந்துவிட்டால் நார்த்தூளைத் தட்டையான டப்பாவில் கொட்டி, 18 பாகை அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரை நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். சில மணி நேரத்தில் குஞ்சுகள் துள்ளத் தொடங்கும். நீரில் ஆக்சிஜன் குறைவதுதான் ஓட்டை உடைக்கச் சொல்லும் சைகை. அடம்பிடிக்கும் முட்டைகளைச் சிறு சீசாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அலையும் பழக்கம் உலகெங்கும் கில்லி வளர்ப்பவர்களிடம் உண்டு. உடல் சூடும் குலுக்கலும் சேர்ந்து வேலை செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. முழுதாகத் தயாராகும் முன் நனைத்துவிட்டால் காற்றுப்பை நிரம்பாத குஞ்சுகள் வரும். அவை எழும்பி நீந்தாமல் அடியில் வயிற்றால் ஊர்ந்துகொண்டே இருக்கும், தேறுவதும் இல்லை. பொரித்த அன்றே ஆர்ட்டீமியா குஞ்சு தீனியாக வேண்டும். ஆகவே அதை முந்தின நாளே பொரிக்கப் போட்டிருக்க வேண்டும். பொரிக்காத முட்டைகள் மீதியிருக்கும் நார்த்தூளை மறுபடி பிழிந்து கட்டி வைத்தால், ஒரு மாதம் கழித்து இரண்டாவது முறையும் குஞ்சு வரும்.

ஹவுராவிலும் கொளத்தூரிலும் குடும்பத் தொழிலாக மீன் பெருக்குபவர்களுக்கு இதில் எந்த வேலையும் கடினமல்ல. ஏஞ்சல் முட்டையைக் கொல்லைத் தொட்டியில் பொரிக்க வைப்பவர் கைக்கு இது எட்டும். வரும்படி குறைவு என்பதுதான் தடை. அரிய இனம் என்றால் விலை ஏறும் என்று எண்ணி இறங்குபவர் ஏமாறுவார். வாங்க ஆள் இல்லாவிட்டாலும் வம்சம் அறுபடாமல் பார்த்துக்கொள்ள நாலு பேர் கூடி, ஆளுக்கு ஓர் இனம் என்று பிரித்துக்கொண்டு, ஒருவர் பை கெட்டால் இன்னொருவர் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சங்கங்கள் செய்வது அவ்வளவுதான். முட்டை சிறியது, உறையில் வந்துவிடும் என்பதற்காக வெளிநாட்டிலிருந்து சத்தமில்லாமல் தருவிப்பது சட்டப்படி தவறு. உயிர் மீனுக்கு வேண்டிய சுகாதார இறக்குமதி அனுமதி முட்டைக்கும் வேண்டும்.

பழக விரும்புபவருக்கு முதல் பாடமாகப் பக்கத்துக் குளத்துப் பஞ்சாக்ஸையே நான் சொல்வேன். பிடித்த குளத்தின் பெயரையும் தேதியையும் தொட்டியில் ஒட்டி, அந்தக் குளத்து மீனோடு வேறு குளத்து மீனைக் கலக்காமல் மூன்று தலைமுறை கொண்டுபோய்க் காட்டியவர் ஓராண்டு மீனுக்குத் தகுதியானவர். அதன் பிறகு நோதோபிராங்கியஸ் கைக்கு வந்தால் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வேலை முடிந்த நார்த்தூளை வாய்க்காலிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள், முக்கியமாகக் கரிசல் பூமியில் இருப்பவர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அதில் தங்கியிருக்கும் முட்டை அடுத்த மழையில் பொரிக்கக்கூடியது. கொதிநீரை ஊற்றி, ஆறிய பிறகு குப்பையில் போடுங்கள்.